திருத்தம் இல்லாத கட்டுரை

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கரமனை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் ஹிஸ்டரி கட்டுரையிலே டீச்சர் ஒரு திருத்தம்கூடப் போடலை, லலிதா. அழுகையா வருது."

"அதுக்கு யாராவது அழுவாளோடீ, சரோஜா?"

"உன்னோடதிலே பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. ஓரமெல்லாம் கேள்வி கேட்டிருக்கா. எனக்கு அடியிலே 'குட்'டுனு ஒரே வார்த்தை."

"மார்க்கு உனக்குத்தானே கூட?"

"மார்க்கு யாருக்கு வேணும்? ஞாயித்துக்கிழமை தன் ஆத்துக்கு வான்னு டீச்சர் உன்னைத்தானே கூப்பிட்டா. என்னோடதை முழுசா வாசிச்சாளோ என்னமோ."

"அடுத்த தடவை நீயும் தப்பா எழுது, கேட்டியா?" என்று லலிதா சிரித்தாள்.

சரோஜா சிரிக்கவில்லை.

மறுநாள் அதே பஸ்ஸில் லலிதாவின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. சரோஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.