மயில் வைத்த கொக்கி

எங்கள் பதுளை பஜாரில் மழை வந்தால்தான் பேச்சு சூடு பிடிக்கும் ஐயா. ரயில் இன்னும் பண்டாரவளையோடு நின்றுவிடுகிறது. அதற்கு இப்பால் சேதி மாட்டுவண்டியில்தான் வரும். வந்ததும் என் பட்டறைக் கூரைக்குக் கீழேதான் ஒதுங்கும். எந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் துருத்தியை ஊதிக்கொண்டே கேட்பேன். கொஞ்சம் சொல்லவும் செய்வேன்.

அப்படித்தான் கந்தப்பன் கங்காணியைப் பற்றியும் சொன்னேன். அவர் வேலை பார்க்கும் தோட்டத்தில் மேல் மலைத் தேயிலைக் கொழுந்து மூட்டைகள் கொக்கியில் தொங்கி, கம்பி வழியாகப் பள்ளத்தைத் தாண்டி, கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்கு இறங்கும். ஆள் ஏறக் கூடாதென்று துரை உத்தரவு. கங்காணியோ துரை இல்லாத நேரம் பார்த்து மூட்டை மாதிரி தொங்கிக்கொண்டு போவார். "ஒருநாள் கொழுந்தோட சேர்த்து வாட்டி அரைச்சுடப் போறாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அது அவர் காதுக்குப் போனது. சந்தை நாளில் அத்தனை பேர் முன்னாலும் வந்து நின்று, "ஏன் ஆசாரி, ஊருக்கெல்லாம் பூட்டு செய்றீங்க, ஒங்க வாய்க்கு ஒண்ணு செஞ்சுக்கக் கூடாதா?" என்றார். என் பேச்சுக்குச் சிரித்ததைவிட அதற்கு அதிகமாகச் சிரித்தார்கள். அப்புறம் நான் பேச்செடுத்தாலே "பூட்டு, பூட்டு" என்பார்கள். மழை வந்தால் எதிர்ப்பக்கத்துக் காமில் நானா கடையில் ஒதுங்க ஆரம்பித்தார்கள். என் பட்டறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிள்ளை வரம் கேட்டுப் பெண்சாதி மாரியாயியோடு கதிர்காமத்துக்கு நடந்து போய்வந்த கையோடு, கங்காணி தனக்கென்று ஒரு கொக்கி செய்யச் சொன்னார். ஆள் பாரம் முழுவதும் அந்த ஒற்றைச் சாமானில்தான் தொங்கும். இரும்பைக் காய்ச்சி அடித்து வளைத்துக் கொடுத்தால், பாரம் தாங்காதபோது மெல்ல நிமிரும். கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். வெண்கலத்தில் வார்த்தால் அழகு. வெள்ளீயம் கூடினால் மணி மாதிரி நாதம் வரும். மணி மாதிரியே, சொல்லிக்கொள்ளாமல் உடையும்.

கொக்கியின் தலையில் மயில் வேண்டியிருந்தது. தோகையெல்லாம் சுத்தியலால் அடித்து வராது. அதனால் வார்த்தேன்.

புதுக் கொக்கி எதுவானாலும் முதலில் கல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். இதில் முருகனுடைய மயில் இருக்கிறதே, கல்லைக் கட்டலாமா? மஞ்சள் பூசி, பூ வைத்து, சூடம் காட்டினார்கள். என்னையும் அழைத்து வெற்றிலை தந்தார்கள். ஏறப்போன கங்காணி நின்று, மாரியாயியைப் பார்த்தார்.

"நேந்துக்கிட்டது நீதானே. மொத தடவ நீ போ புள்ள."

"பயமா இருக்குங்க."

"செஞ்ச ஆசாரியே நிக்கிறாரு, என்ன பயம்? கேட்டுக்க."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பியது. "தாங்குமாங்க?"

வாயில் வெற்றிலை இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பள்ளத்தின் நடுவில் கணீரென்று கேட்டது. நல்ல நாதம்.

இப்போது மழைக்கு எல்லோரும் என் பட்டறையில்தான்.

மயில் வேண்டுமென்று கங்காணி கேட்டாரா என்கிறீர்கள். இல்லை ஐயா. அவர் கேட்டது சாதாரண இரும்புக் கொக்கி. மயிலைச் சொன்னது நான். சாமி சாமானில் எவனும் கல் கட்டமாட்டான் என்று தெரிந்தே சொன்னேன். அது அவருக்காகச் செய்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் விஷயத்தில் என் மேல் குற்றமில்லை. கங்காணி பஜாரில் வைத்துச் சொன்னாரே, அதன்படி நான் வாயைத் திறக்கவேயில்லை.