ஓசையின்றி மூடும் வளையங்களைத் தேர்ந்த ஸ்டோர் ஐயாவுக்கு

எழுபது மடிகளில் எழுபது வாழ்க்கைகளை ஏந்த வைத்த ஏந்தலே! அங்குலம் அங்குலமாய் அளந்து, அட்டையின் அகமறிந்து, ஆகாததை அஞ்சாமல் திருப்பி அனுப்பிய அரும்பண்பாளரே! பண்பாலும் பணிவாலும், பல நாள் வெறும் பிடிவாதத்தாலும் எங்களைப் பணிய வைத்த பண்டகசாலைப் பெருந்தகையே! எங்கள் ஸ்டோர் ஐயா அவர்களே! நினைவு நழுவிய முதியோர் வாழும் இந்த இல்லத்தின் ஊழியர்கள் அனைவரும் கூடி உங்களுக்கு வாசித்தளிக்கும் மடல் இது.

பகலுணவுக்குப் பின் இல்லமே உறங்கும் நேரத்தில் விழாவை வைத்திருக்கிறோம். திரைச்சீலைகள் மெல்ல அசைகின்றன, தாழ்வாரத்து வெயில் சுவரோரம் நகர்கிறது, எழுபது பேரும் ஏதேதோ ஊர்களில் ஏதேதோ வயதில் உலவிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மைக் இல்லை. கைதட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து ஒரு விரலால் உள்ளங்கையைத் தட்டிக்கொள்ளவும். அலங்காரத் தமிழ் வேண்டும் என்று சொல்லி இந்த வேலையைச் சலவைப் பிரிவுக்காரியான என் தலையில் கட்டினார்கள். வெளுக்கத் தெரிந்தவளுக்கு விளம்பவும் வரும் என்று நம்பிவிட்டார்கள், பாவம்.

ஐயா! இருபத்திரண்டு ஆண்டுப் பணி இன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. இல்லத்து விதிப்படி நாளை முதல் நீங்கள் மாலை நான்கிலிருந்து ஆறு மணிவரை மட்டும் வந்துபோகும் பார்வையாளர். கிழக்கு அறை அம்மா உங்கள் மனைவி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. நான்கு ஆண்டுகளாக அவருக்கு நீங்கள் நீலக் கோட்டு போட்ட ஸ்டோர்காரர், காலை பத்து மணிக்குப் புத்தகம் கொண்டுவருபவர். கோட்டைக் கழற்றிவிட்டு நாளை அவர் முன் யாராகப் போய் நிற்பது என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காததுதான் எங்களை வாரக்கணக்காக உறுத்துகிறது.

இன்று பொறுப்பேற்கும் புதிய ஸ்டோர்காரருக்காக அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் அதற்கு ரிங் ஃபைல் என்று பெயர், இங்கு வாழ்பவர்களுக்கு அது 'என் புத்தகம்'. இது உங்கள் மகள், இது நீங்கள் ஓட்டிய பேருந்து, உங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்று பக்கம் பக்கமாக ஒருவரை அவருக்கே அறிமுகம் செய்யும் புத்தகம். ஒட்டித் தைத்த நோட்டு இங்கே உதவாது என்று முதலில் சொன்னவர் நீங்கள். கணவர் இறந்த செய்தியை ஒரு பாட்டி தினமும் படித்துத் தினமும் புதிதாய் அழுதபோது, வளையத்தைத் திறந்து அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துவிட்டு, "இனிமே அழ வேணாம்மா, அடுத்த பக்கம் பாருங்க" என்றீர்கள். அடுத்த பக்கத்தில் அவர் நீச்சல் போட்டியில் வாங்கிய கோப்பை இருந்தது.

வாங்குவதில்தான் உங்கள் வித்தை! மாதிரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்து வளையத்தைத் திறந்து மூடுவீர்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் அது திரும்பிப் போகும், தூங்குபவர் திடுக்கிடுவார் என்பதால். தாள்கள் சமமாகப் படுக்க ஒரு பக்கம் நிமிர்ந்த வளையம், வியர்த்த கையில் ஒட்டாத துணி அட்டை, சக்கர நாற்காலியில் அமர்ந்தவரின் தொடை வலிக்காத எடை. முதுகுப்பட்டையில் பெயருக்குப் பதில் படம், படிக்க மறந்தவரும் தன்னுடையதை எடுக்க வேண்டுமே! "எழுபது ஃபைலுக்கு எழுபது படமா? எங்க மெஷினே குழம்பிப்போய் உங்க இல்லத்துலயே வந்து சேர்ந்துக்கும் சார்!" என்று தயாரிப்பாளர் தொலைபேசியில் அலறினார். "சேரட்டும், அதுக்கும் ஒரு புத்தகம் போட்டுத்தரேன்" என்றீர்கள்.

நீங்கள் மூட்டு வலிக்கு ஒரு மாதம் விடுப்பு எடுத்தபோது நாங்களே ஆர்டர் கொடுத்த கதையைச் சொல்லாமல் விட்டால் மடல் பொய்யாகிவிடும். தாளை அளந்தோம், தாளைப் போடும் பிளாஸ்டிக் உறையை அளக்க மறந்தோம். வந்து இறங்கிய ஃபைல்களில் எல்லாப் பக்கமும் அட்டைக்கு வெளியே ஒரு விரல் அகலம் நீட்டிக்கொண்டு நின்றது. நீட்டியதைப் பிடித்து எல்லோரும் இழுத்தார்கள். உருவி விழுந்த பக்கங்களை நாங்கள் அவசரத்தில் மாற்றி மாற்றிக் கோத்துவிட, திருமணமே ஆகாத பேருந்து ஓட்டுநர் மூன்று நாள் நான்கு மகள்களுக்குத் தகப்பனாக இருந்தார். அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் முகத்தில் நாங்கள் கண்டதில்லை. அந்தப் படங்களில் ஒன்றில் இருந்தவள், இங்கே வாழும் தையல்கார அம்மாவின் மகள். அவள் வந்தபோது, "வாடா கண்ணு, சாப்டியா?" என்று ஓட்டுநர் கேட்டுவிட்டார். அவளும், "சாப்ட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுப்பு முடிந்து வந்த நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சரி செய்தீர்கள். ஒரே ஒரு மகளை மட்டும், அவளிடம் கேட்டுக்கொண்டு, ஓட்டுநரிடமே விட்டுவைத்தீர்கள்.

அம்மாவின் புத்தகத்துக்கு வருகிறேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர் அவர். இங்கே வந்து இரண்டு ஆண்டு உங்களை அறிந்திருந்தார். ஒரு நாள் காலை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்றார். படுக்கை விரிப்பு மாற்ற வந்த நான் அறைக்குள்தான் இருந்தேன். கையிலிருந்ததை அவரிடம் நீட்டி, "ஸ்டோர்காரர்மா. உங்க புத்தகம் கொண்டுவந்திருக்கேன்" என்றீர்கள். "அப்படியா, உட்காருங்க" என்றார். 'இவர் உங்கள் கணவர்' என்ற கல்யாணப் படப் பக்கத்தைப் பார்க்கும் போதெல்லாம் அவர் எங்கே, ஏன் இன்னும் வரவில்லை என்று அம்மா வாசலுக்கு ஓடத் தொடங்கியதும், அந்தத் தாளையும் நீங்களே கழற்றினீர்கள். என்னிடம் அவர் ஒருமுறை ரகசியம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் முன்கோபி. இந்த ஸ்டோர்காரர் தங்கமான மனுஷன்." அன்று உங்களிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்று சொல்லிவிட்டேன், கோபிக்காதீர்கள்.

போன வாரம் நீலக் கோட்டை மடித்து என்னிடம் நீட்டி, "தொவைச்சு அடுத்தவருக்குக் குடுத்துடும்மா" என்றீர்கள். கறை போகவில்லை என்று நான் சொன்னது பச்சைப் பொய். அன்றே இல்லப் பொறுப்பாளரிடம் எல்லோருமாகப் போனோம். பார்வையாளர் நேரக் கட்டுப்பாடு உங்களுக்குக் கிடையாது, எப்போதும் வரலாம் என்று அவர் எழுதியே கொடுத்துவிட்டார். புதியவருக்கு வேறு கோட்டு தைத்தாயிற்று. உங்களுடையது வெளுத்து, இஸ்திரி போட்டு, கிழக்கு அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

ஐயா! முழங்கால் வலி முற்றும் நீங்கி, முகமலர்ச்சி மாறாது, நலமும் நிறைவும் நாளும் பெருக, நீங்களும் அம்மாவும் நீடு வாழ வேண்டுமென்று நெஞ்சார விழைகிறோம். மாலையும் கடிகாரமும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டதால், பரிசாக ஒரு தாள் மட்டும். இன்று காலை, நீங்கள் கணக்கு ஒப்படைக்கப் போயிருந்த நேரத்தில், அம்மா செவிலியரை அழைத்தார். "அந்த ஸ்டோர்காரர் படம் என் புத்தகத்துல இல்லியே. மறந்துடுவேன். ஒண்ணு போடுங்க" என்றார். கல்யாணப் படம் இருந்த இடத்தில் உங்கள் படத்தைக் கோத்தோம். கீழே என்ன எழுதட்டும் என்று கேட்டோம். அவர் சொன்னதை ஓர் எழுத்தும் கூட்டாமல் எழுதினோம்:

"இவர் வந்தால் எனக்குப் பயம் இல்லை."

நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள், ஐயா.

என்றும் உங்கள் அன்பில்,
செவிலியர், சமையலறை, சலவை, தோட்டம், வாயில் காவல் ஆகிய
அனைத்துப் பிரிவு ஊழியர்கள்