வாழைக்கன்று கட்டிய ஏ.சி. கார்

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மெக்கானிக்குகள்.

“சீக்கிரம் போவலன்னா அந்த ஏ.சி. கார் டிரைவர் மறுபடி வாழைக்கன்னு கட்டிடுவான் நைனா,” என்றான் இளையவன்.

“ஆயுத பூஜைதான் முடிஞ்சு போச்சேடா?” என்றார் பெரியவர்.

“ஏ.சி. சரியாச்சுன்னு ஜவுளிக்கடை முதலாளி காருக்குப் பூஜை போடறாராம். ஆயுத பூஜைக்குக் கன்னு கட்டச் சொன்னப்பத்தான், அவன் காரு முன்னாடி ஜல்லடைல கம்பிய வுட்டு ஏ.சி. குழாயை ஓட்டை பண்ணான். கேஸ் மொத்தமும் பூட்ச்சு.”

“அத்த அவன்கிட்ட சொன்னியா?”

“சோப்புத் தண்ணி ஊத்தி, நொரை வர்ற எடத்தைக் காட்டினேன். சாமி குத்தம்னு கன்னத்துல போட்டுக்கினான்.”

“வேற கேஸ் கீதா?”

“இல்ல நைனா. ஓட்டைய அடைச்சு, இருந்ததை அதுலயே ரொப்பிட்டேன். பம்பாய்லேர்ந்து வந்தாத்தான். நாளைக்கு சம்பந்தி வூட்டாரை ஏ.சி. கார்ல இட்டாரேன்னு முதலாளி சொல்லிக்கீறாரு.”

பனகல் பார்க்கில் பஸ் நின்றது. எதிரே ஒரு நீளமான அமெரிக்கக் கார் வந்தது. முன்னால் மாலை, சந்தனம், இரண்டு வாழைக்கன்று. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. இளையவன் இறங்க எழுந்துவிட்டான்.

எங்களைத் தாண்டும்போது பின் கண்ணாடி மெதுவாக இறங்கியது. முதலாளி துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

பெரியவர் இளையவனின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எறங்காத. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடு.”