வெயில் படாத தந்தம்

கட்டைகளில் யானைத்தந்தம் ஒட்டிய பழைய பியானோ உங்கள் வீட்டில் இருந்தால் மூடியைத் திறந்தே வையுங்கள், ஐயா. இருட்டில் கிடந்தால் தந்தம் மஞ்சளாகிவிடும். வெயில் பட்டால் வெள்ளையாக இருக்கும். இங்கே லாசாலில் பழைய பியானோக்களைத் திருத்தி விற்கிற எங்களுக்கு இது பாலபாடம். என் மனைவி ஆர்த்திகாவுக்குப் பல வருடங்களாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஓம், ஓம்" என்பாள். தூசி படியும் என்று எங்கள் வீட்டுப் பியானோவை மூடியே வைப்பாள்.

என்னோடு தொழில் செய்த வசீகரனுக்குக் கதை சொல்ல வரும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சில சின்னக் கிராமங்கள் தந்தத்தாலேயே எழும்பின என்பதைப் படித்து அவனுக்குச் சொன்னவன் நான்தான். நான் சொன்னால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். அவன் சொன்னால் ஆர்த்திகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள்.

"அக்கா, யோசிச்சுப் பாருங்கோ. அந்த ஊராக்கள் யானையைக் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டினம். ஆனா அவையின்ர வீடு, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் யானையாலதான். பியானோக் கட்டையளுக்குச் சீவின தந்தத்தைக் கண்ணாடிக் கொட்டிலுக்குள்ள பரப்பி, கிழமைக்கணக்கில வெயில்ல வெளுக்க விடுவினம். வெயில் இல்லாட்டி ஊருக்கே முகம் சுருங்கிப்போகும்."

"அப்ப, தந்தத்தை ஆர் தோளில காவிக்கொண்டு வந்தது?"

"ஆபிரிக்காவில அடிமையளாப் பிடிச்ச சனம். கடற்கரைக்கு வரமுன்னமே கனபேர் வழியில செத்துப்போச்சினம். கனெக்டிகட் ஊராக்களைக் கேட்டா, நாங்கள் சீவிறது மட்டும்தானே எண்டிருப்பினம்."

ஆர்த்திகாவின் கண் கலங்கியது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கேள்வியை அவள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை பியானோவின் மூடி திறந்திருந்தது. அதை ஜன்னல் பக்கமாகவும் தள்ளி வைத்திருந்தாள். "வசீ சொன்னவன், தந்தத்துக்கு வெயில் படவேணுமாம்" என்றாள், எனக்குப் புதிதாகச் சொல்லித்தருவதுபோல.

தவறாக எடுக்காதீர்கள். அவர்களுக்குள் ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் சண்டை பிடித்து முடித்திருப்பேன். என் வீட்டில் என் சொல் எடுபடவில்லை, அவன் சொல் எடுபட்டது. அதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

நவம்பரில் தரை உறைந்திருந்த ஒரு காலை, இரண்டாம் மாடி வீடொன்றிலிருந்து பியானோ இறக்கப் போனோம். இந்த ஊர் வீடுகளின் இரும்புப்படி வெளியே வளைந்து இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கீழே நிற்பவன் தோளில் பாரம் வரும். மேலே நிற்பவன் பியானோவில் கட்டிய பட்டியைக் கையில் சுற்றி இழுத்துப் பிடிக்கவேண்டும். கீழே நிற்பதை மாறி மாறிச் செய்வோம். அன்று என் முறை. இடுப்பு நோகிறது என்றேன்.

"நீங்கள் மேல நில்லுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்று அவனே இறங்கினான். நல்ல பிள்ளை, அதை மறுக்கமாட்டேன்.

வளைவில் நின்று, "பிடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். பிறகு பட்டியைக் கையிலிருந்து கழற்றினேன்.

படி வழுக்கிவிட்டது என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அவனை எரித்துவிட்டு வந்த அன்றே ஆர்த்திகா பியானோவை மூடினாள். குளிர்காலம் முழுக்கத் திறக்கவில்லை. கட்டைகள் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. திறந்து வை என்று பக்குவமாகத்தான் சொன்னேன். "வசீ இல்லாத வீட்டில அது என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதாள். செத்தும் அங்கே அவனுக்குத்தான் மதிப்பு.

அதனால்தான் நானாகப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள். பியானோ விழுந்துதான் அவன் செத்தான். நான் பட்டியை விட்டது மட்டும்தான். ஒரேயொரு உதவி, ஐயா. ஆர்த்திகாவுக்கு நீங்கள் யாரும் இதைச் சொல்லவேண்டாம். நானே சொல்கிறேன். இந்தக் கதையையாவது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள்.