இலைக்கோழி நடந்த திட்டு

காலை ஐந்தரைக்கு வெளியே வந்து நிற்கும் பழக்கம் எனக்குப் பறவைகளால் வந்ததில்லை. எங்கள் தெருக்குழாயில் அப்போதுதான் தண்ணீர் வரும். குடம் நிரம்பும்வரை சும்மா நிற்கிறவளுக்கு அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கம்பியில் எத்தனை தகைவிலான், எத்தனை கரிச்சான் என்று அப்படித்தான் எண்ண ஆரம்பித்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பறவை பார்ப்பதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, அதிலே என்ன போட்டி என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அவளுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு வேலை. வேலையாகியிருக்க வேண்டியது.

பறவை ஆய்வு மையத்தில் நாங்கள் இருவரும் தற்காலிக உதவியாளர்கள். நான் மூன்று வருடம், அவள் ஆறு மாதம். அவளை அங்கே எல்லோரும் 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கண் டாக்டரான அவள் அப்பா வாங்கிக் கொடுத்த லென்ஸ் அவள் முழங்கை நீளத்துக்கு இருக்கும். என் அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறார். அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி வெளுக்கிறாள். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. இதை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் யாரோ பெருமையாகச் சொல்லப்போக, லென்ஸ் சொன்னாள், "எங்க வீட்ல டிகிரி வாங்காதது நாய் மட்டும்தான்க்கா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் அவளுக்குக் கிடையாது. அதற்கு அவளுக்கு அவசியம் வந்ததில்லை.

நிரந்தர வேலை ஒன்றுதான் இருந்தது. ஏரியில் இலைக்கோழி குஞ்சு வளர்ப்பதைப் பற்றி முழுப் பதிவு யார் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு என்று டைரக்டர் சொல்லிவிட்டார். இலைக்கோழி நீர்ச்செடிகளின் இலைமேல் நடக்கிற பறவை. விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை அத்தனை விரலிலும் பரவிவிடுவதால் இலை அமிழாது. பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அப்பன் வேலை. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "அப்படி ஒரு ஆம்பளையா, எந்த ஏரியில?" என்று கேட்டாள். அப்பா தலை தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆபத்து வந்தால் அந்த அப்பன் குஞ்சுகளைச் சிறகுக்கடியில் அள்ளிக்கொண்டு எழுந்து ஓடும். குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். எங்கள் ஏரியில் அதை யாரும் படம் எடுத்ததில்லை.

கூட்டைக் கண்டுபிடித்தது நான். இருபத்தாறு நாள் விடியலில் போய்க் குறிப்பெடுத்ததும் நான்தான். நாலு முட்டை, நாலு குஞ்சு. நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டைரக்டர் நாலு பக்கம் புரட்டினார். "நல்லா இருக்கும்மா. ஆனா படம் இல்லாம வெறும் குறிப்பை வெச்சு நான் என்ன பண்றது? லென்ஸைக் கூட்டிட்டுப் போ" என்றார். என் போனில் எடுத்தால் பறவை ஒரு புள்ளி.

அவள் சந்தோஷமாக வந்தாள். போகும் வழியில், "படத்துல ரெண்டு பேர் பேரையும் போடலாம்க்கா. வேலையைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். பெருந்தன்மை என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். என்னுடையதில் பாதியை எடுத்து எனக்கே தருவதற்கு வேறு பெயர் உண்டு. நான் சரி என்றேன்.

ஏரியின் வடக்குக் கரையை ஒட்டி ஒரு புல்திட்டு இருக்கிறது. பார்த்தால் தரை என்றுதான் தோன்றும். தரை இல்லை. செடியும் வேரும் வருடக்கணக்கில் பின்னி மிதக்கிற பாய் அது. மேலே புல் முளைத்திருக்கிறது, கீழே தண்ணீர், அதற்கும் கீழே சேறு. முதல் வாரமே என் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். முழுக் கழியும் இறங்கியது, அடி தட்டவில்லை. அந்தக் கழி இல்லாமல் நான் ஏரிக்குப் போவதில்லை. அன்றைக்கு மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கனமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் காலையில் நினைத்தது அவ்வளவுதான்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறரைக்கு அப்பன் பறவை வெளியே வந்தது. பின்னால் நாலு குஞ்சும், பஞ்சில் குச்சி சொருகின மாதிரி. லென்ஸ் கரையிலிருந்து பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். வெளிச்சம் எதிரே அடித்தது, எல்லாம் கறுப்பாக வந்தது.

"அக்கா, அந்தத் திட்டு மேல போகலாமா? அங்கேருந்து எடுத்தா வெளிச்சம் என் முதுகுப் பக்கம் வரும்."

முந்தின ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களுக்கு நான் ஒரு பாடம் எடுத்திருந்தேன். நாரையின் கால் எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவுதான் ஆழம், பறவையின் காலைப் பார்த்துத் தண்ணீரை அளக்கலாம் என்று. முன்வரிசையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டவள் அவள். நாரைக்குச் சொன்னது இலைக்கோழிக்குப் பொருந்தாது. இரண்டாவது பாடத்தில் சொல்வதாக இருந்தேன்.

நான் சொன்ன பதில் இதுதான்: "கோழி நடக்குது பாரு."

"அதுவும் நாலு பிள்ளைங்களோட" என்றாள். "எனக்கு ஒண்ணுகூட இல்ல. தாங்கும்."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். கோழி நடந்துகொண்டுதான் இருந்தது. போ என்று நான் சொல்லவில்லை.

முதல் அடி வைத்தாள், தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவது அடியில் திட்டு மொத்தமும் மெத்தை மாதிரி அசைந்தது. ஓரத்தில் தண்ணீர் ததும்பி ஏறியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, கண் கேமராவில் இருந்தது. பறவையை மட்டுமே பார்க்கிறவர்கள் பறவை நிற்கிற இடத்தைப் பார்ப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற எச்சரிக்கை இது. அன்றைக்கு அது தொண்டை வரை வந்தது. அவள் இன்னொரு அடி வைக்கிற நேரம் இருந்தது எனக்கு. என் நோட்டைப் புரட்டின டைரக்டரின் விரல் ஞாபகத்துக்கு வந்தது. நாலாவது அடியில் திட்டு கிழிந்தது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. இடுப்பு வரை போனாள். சிரிக்கக்கூடச் செய்தாள். "அய்யோ, செருப்பு போச்சுக்கா." திரும்பிக் கரைக்கு வரப் பார்த்தாள். ஆனால் அசைய அசையப் புல் விலகிக்கொண்டே போனது, வேர் காலைச் சுற்றியது. கரைக்குக் கிட்டே வந்தபோது நெஞ்சு வரை இறங்கியிருந்தாள். அப்புறம்தான் கத்தினாள். காலையில் மையத்தைத் திறக்க வந்த காவலாளி அந்தச் சத்தத்தைக் கேட்டாராம். ஏதோ பறவை என்று நினைத்தாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏரியில் அப்படித்தான் கேட்கும்.

அவள் கத்தினதும் அப்பன் பறவை நின்றது. உடம்பைத் தாழ்த்தியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சிறகுக்குள் போயின. எழுந்தபோது எட்டுக் கால்கள் தொங்கின. இருபத்தாறு நாள் காத்திருந்தும் எனக்குக் காட்டாததை, அவள் கத்தின ஒரு நிமிடத்தில் காட்டியது. இலைகள்மேல் ஓடி நடுவில் போய் நின்றது. சத்தம் அடங்கும்வரை குஞ்சுகளை இறக்கவில்லை. கடைசிப் படத்தில் இறக்கிவிட்டிருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற படங்களையும் அவள்தான் எடுத்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். காவலாளி சத்தம் கேட்டது ஆறு நாற்பதுக்கு. படங்களில் இருக்கிற நேரம் ஆறு நாற்பத்திரண்டிலிருந்து ஆறு ஐம்பத்தொன்று வரை. அதை நீங்கள் பிடித்தது சரி. அவை நான் எடுத்தவை. பதினேழு படம், ஒன்றுகூட ஆடவில்லை. நல்ல கேமரா கையில் கிடைத்தால் யாரால் என்ன முடியும் என்று டைரக்டருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

இன்றைக்குக் காலையில் ஸ்டேஷனில் நீங்கள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டீர்கள். கரைக்கும் அவளுக்கும் இடையில் தூரம் அதிகம், என் கை எட்டவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே, அப்படியானால் கேமரா எப்படி ஒரு சொட்டுக்கூட நனையாமல் இருக்கிறது என்று.

அவள்தான் கொடுத்தாள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். "அக்கா, முதல்ல இதைப் பிடிங்க, அப்பா திட்டுவார்" என்றாள். நான் மண்டி போட்டுக் குனிந்தேன், வாங்கிக்கொண்டேன். ஆமாம், எட்டியது.

அதற்கப்புறம் அவள் கையை நீட்டினாள். அதே தூரம்தான். ஆனால் நீங்களும் அந்தக் கேமராவைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு கையால் பிடிக்கக்கூடியது இல்லை.