ரேயைக் கொன்ற துப்பாக்கி

"இன்கமிங்! இன்கமிங்!"

கத்துவது நான்தான். குண்டு வருகிறது, படு என்று அர்த்தம். என் முகம் கார்ப்பெட்டில். இரண்டு கையும் பிடரியில். வாய் திறந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டால் காது ஜவ்வு கிழியும் என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தது. வலது காதில் ஒரே ரீங்காரம். வெடிமருந்து நாற்றம். அதோடு சாம்பிராணி.

என் மனைவி வசந்தாவைச் சேலையோடு பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியிருக்கிறேன். அவள் கை பட்டுக் குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் கொட்டுகிறது. எட்டு வயது மகள் கவிதா மட்டும் நிற்கிறாள். கையில் ஸ்பெல்லிங் புத்தகம்.

"டாடி, வை ஆர் யூ ஆன் த ஃப்ளோர்?"

இது வியட்நாம் இல்லை. டெக்சாஸ், இர்விங். 1985 அக்டோபர். விஜயதசமி. காலை ஏழு இருபது. இரண்டாவது மாடி அபார்ட்மெண்ட். கூரைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு இறங்குகிறது. யார் சுட்டது என்று தேடுகிறேன். ஜன்னலைப் பார்க்கிறேன். கண்ணாடி உடையவில்லை. வாசல் கதவைப் பார்க்கிறேன். சாத்தியிருக்கிறது. அப்புறம்தான் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்கிறேன். என் துப்பாக்கி. குழலில் சந்தனப் பொட்டு. நுனியில் புகை.

சுட்டது நான். எதிர்ச் சுவரில் ஒரு ஓட்டை. சுண்டுவிரல் நுழையும். சுவருக்கு அந்தப் பக்கம் சேவியரின் வீடு.

இதை நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். என் பெயர் தண்டபாணி. சொந்த ஊர் கரூர். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் இங்கே வந்த நம் ஆட்கள் இப்போது ஆளுக்கு ஒரு துப்பாக்கி வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். பார்ட்டியில் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் மறக்கக் கூடாது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிக்க வந்தவன் நான். கிரீன் கார்டு கிடைத்தது. கிரீன் கார்டு இருந்தால் பட்டாளத்துக்கும் கூப்பிடலாம் என்று அன்றைய சட்டம். கூப்பிட்டார்கள். 1969. நான் வியட்நாமில் இருக்கிறேன். என் பக்கத்தில் ரே. மேற்கு டெக்சாஸ்காரன். வயது இருபது. என் பெயர் வாயில் நுழையாமல் டான் என்று கூப்பிட்ட முதல் ஆள். தகர டப்பாவில் பீச் பழம். நான் ஒரு துண்டு எடுத்துவிட்டு டப்பாவை அவனிடம் நீட்டுகிறேன். காதோரம் சாட்டை சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு தூரத்தில் "டொப்". குண்டு முதலில் வரும். சத்தம் பிறகுதான் வரும். டப்பா அவன் கைக்குப் போகவில்லை.

சுட்டவனை எங்கள் ஆட்கள் ஓடை ஓரத்தில் முடித்தார்கள். சின்னப் பையன். அவன் கையிலிருந்த துப்பாக்கியை லெஃப்டினன்ட் என்னிடம் கொடுத்தார். நீதான் ரேயின் சிநேகிதன், வைத்துக்கொள் என்றார். வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். ரேயின் வாட்ச், பர்ஸ், கடிதங்கள் எல்லாம் அவன் அம்மாவுக்குப் போய்விட்டன. அவனைக் கொன்ற துப்பாக்கி எனக்கு வந்தது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மரக்கட்டையில் ஆணியால் ஒரு ஆர் எழுத்துக் கீறினேன். அதைத் தொட்டால் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் அப்படி யாரும் சொன்னதில்லை. லாஸ் கொலினாஸில் எங்கள் ஆபீஸ். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஆளுக்கு ஒரு கதை. ஒருவனுக்கு அப்பா மான் சுட்ட ரைஃபிள். ஒருவனுக்குத் தாத்தாவின் இரட்டைக் குழல். வீடு போனாலும் அதைக் கொடுக்க மாட்டேன் என்பான். கண் கலங்குவான். அவர்கள் நடுவில் நான் சாதாரண ஆளாகத்தான் தெரிந்தேன்.

வசந்தா ஈரோட்டுக்காரி. கல்யாணமாகி வந்த முதல் வாரமே கேட்டாள், ஒரு மனுஷனைக் கொன்னதைக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டு எப்படித் தூங்கறீங்க என்று. கவிதா பிறந்த பிறகு வருடத்துக்கு ஒரு முறை பெரிய சண்டை. 85 கோடையில் ஆபீஸ் நண்பன் ஒருவன் வாங்கிக்கொள்கிறேன் என்றான். வசந்தா போட்ட போட்டில் நானும் சரி என்றுவிட்டேன். காரில் ஏற்றி அவன் வீட்டு வாசல்வரை போனேன். காலிங் பெல்லில் கை வைத்தேன். அழுத்தவில்லை. திரும்பி வந்தேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது உறைக்கவும் இல்லை.

சேவியர் அந்த ஜூனில்தான் வந்தான். தூத்துக்குடிப் பையன், வயது முப்பத்தொன்று, எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவன். பக்கத்து வீட்டை அவனுக்குப் பார்த்துக்கொடுத்தது நான். லீஸில் சாட்சிக் கையெழுத்தும் நான். சாவி தொலையும் என்று ஒன்றை எங்களிடம் கொடுத்து வைத்திருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். முதல் தடவை ஃப்ரீவேயில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னான். மனைவி ஸ்டெல்லாவும் ஒரு வயதுக் குழந்தையும் டிசம்பரில் வருவதாக இருந்தது. விசா வந்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. தொட்டில் வாங்கி, பாகங்களைப் பூட்டி ஹாலில் நிறுத்தியிருந்தான். துப்பாக்கியை ஒரு தரம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தான். கை சில்லுன்னு இருக்குண்ணே என்றான்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை விமரிசையாக நடக்கும். தையல் மெஷின், டைப்ரைட்டர், கார் சாவி, கவிதாவின் புத்தகங்கள், என் ஸ்க்ரூடிரைவர் செட். கடைசியில் துப்பாக்கி. ஆயுதம் என்று பெயரிலேயே இருக்கிறதே, இதை விட்டால் எதை வைப்பது என்று வருடா வருடம் நான் கேலி பேசுவேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. விஜயதசமி அன்று தீபாராதனை காட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒரு நிமிஷமாவது உபயோகிக்க வேண்டும். கவிதா ஒரு பக்கம் படிப்பாள். வசந்தா நாலு தையல் போடுவாள். நான் துப்பாக்கியைச் சுவரைப் பார்த்துப் பிடித்து விசையை ஒரு தரம் இழுப்பேன். காலிக் குழல். "டிக்" என்று கேட்கும். கவிதா கைதட்டுவாள். ஏழு வருடம் இப்படி நடந்தது.

அந்த வருடம் பூஜையன்று சாயங்காலம் வசந்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரே எப்படிப்பட்டவன் என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்டதே இல்லை. நான் சொன்னதும் இல்லை. பீச் பழ டப்பாவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேனுங்க, இருந்துட்டுப் போகட்டும் என்றாள். நான் குழலைத் திறந்து பார்த்தேன். காலி. விரல் விட்டும் பார்த்தேன். காலிதான். பலகையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மனசு லேசாக இருந்தது.

காலையில் தீபாராதனை ஆயிற்று. சேவியர் ஏழரைக்குச் சுண்டல் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தான். கவிதா புத்தகத்தைத் திறந்தாள். நான் துப்பாக்கியை எடுத்தேன். திறந்து பார்க்கவில்லை. பூஜையில் வைத்ததை யார் தொடப் போகிறார்கள்? பட்டாளத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம், கையில் எடுத்தால் திறந்து பார். ஒவ்வொரு தடவையும் பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பார்க்கவில்லை. மனிதர்கள் யாரும் எதிரே இல்லாத சுவராகப் பார்த்துப் பிடித்தேன்.

விசையை இழுத்தேன்.

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கும் என்று வசந்தா பிறகு போலீஸில் சொன்னாள். ஒரு முழு நிமிஷம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் ரத்தம் விட்டுக்கொண்டிருக்க, நான் கார்ப்பெட்டில் என் தலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என்னை எழுப்பியது சேவியர் வீட்டு ஸ்மோக் அலாரம். "பீப், பீப், பீப்." மூன்று. இடைவெளி. மறுபடி மூன்று.

சாவி எங்கே, சாவி எங்கே என்று சமையலறை டிராயரைக் கொட்டுகிறேன். கிடைக்கிறது. ஓடுகிறேன். கதவு திறக்கிறது. ஹால் முழுக்கப் புகை. அயர்ன் பாக்ஸ் சட்டை மேல் குப்புறக் கிடக்கிறது. சேவியர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். பனியன். கழுத்துக்குக் கீழே ரத்தம். கையால் அழுத்துகிறேன். விரல் இடுக்கில் வருகிறது. இந்தச் சூடு எனக்குத் தெரிந்த சூடு. பதினாறு வருடமாகத் தெரியும். அவன் என்னைப் பார்க்கிறான். என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சட்டை தீயுதுண்ணே. ஆஃப் பண்ணுங்க."

அவ்வளவுதான் பேசினான். நான் ஆஃப் பண்ணவில்லை. கையை எடுக்க முடியவில்லை. ஏழு முப்பத்து நான்குக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கையை எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். அவசரம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். அதிலேயே புரிந்துவிட்டது.

வராந்தாவில் வசந்தா நின்றாள். முகம் வெளுத்திருந்தது. போலீஸ்காரர் படியேறி வருவதற்குள் சொன்னாள்.

"நாந்தான் போட்டேனுங்க. சாமி முன்னாடி வெறுமையா வைக்கக் கூடாதுன்னு, ஒண்ணே ஒண்ணு."

நான் குளித்துக்கொண்டிருந்தபோது செய்திருக்கிறாள். பேனாவுக்கு மை ஊற்றினாள். தையல் மெஷினுக்கு நூல் கோத்தாள். படியில் அரிசி நிரப்பினாள். அதே கையோடு, பழைய காபி டப்பாவில் நான் வைத்திருந்த ஏழு தோட்டாவில் ஒன்றை எடுத்துக் குங்குமம் வைத்து உள்ளே போட்டிருக்கிறாள். பத்து வருடம் நான் துடைப்பதைப் பார்த்துப் பார்த்துத் திறக்கவும் மூடவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் விசையை இழுக்கும் நேரத்தில் குனிந்து விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தோட்டா இருக்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை. பத்து வருடம் அந்தத் துப்பாக்கியை வெறுத்தவள். அன்றைக்கு ஒரு நாள் எனக்காக அதன் மேல் ஆசை வைத்தாள்.

ஸ்டெல்லாவின் அப்பாவுக்கு நான்தான் போன் பண்ணினேன். என் வாயில் ஆக்சிடெண்ட் என்றுதான் வந்தது. அவர் கார் விபத்து என்று நினைத்துக்கொண்டார். அப்படியே விட்டேன். இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள்தான் உண்மையைச் சொன்னேன்.

வழக்கு கோர்ட்டுக்குப் போகவில்லை. குற்றம் சாட்ட முகாந்திரம் இல்லை என்று முடிவானது. பிப்ரவரியில் போலீஸிலிருந்து கடிதம் வந்தது. துப்பாக்கி என் சொத்து. வந்து வாங்கிக்கொள்ளலாம். முப்பது நாளில் வராவிட்டால் உருக்கிவிடுவார்கள். அதே வாரம் ஸ்டெல்லாவின் கடிதமும் வந்தது. திட்டவில்லை. சபிக்கவில்லை. அந்தத் துப்பாக்கியை உடைத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், அதற்கப்புறமாவது தூங்க முடிகிறதா பார்க்கிறேன் என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நான் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும். முப்பது நாள் சும்மா இருந்தால் போதும்.

வசந்தா இரண்டு கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அது இந்த வாசப்படி ஏறினா நானும் கவிதாவும் இறங்கிருவோமுங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்காமல் இல்லை. இருபத்தொன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முன்பு அதில் ரே மட்டும் இருந்தான். இப்போது சேவியரும் இருக்கிறான். இதை எப்படி உலையில் போடுவது? இதுதான் என் புத்தி போன போக்கு. முப்பதாம் நாள் காலை பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். சந்தனப் பொட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

அன்று இரவே ஸ்டெல்லாவுக்கு எழுதினேன். உடைத்துவிட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன். ஸ்டாம்பு ஒட்டினேன். அவள் நன்றி என்று பதில் போட்டாள்.

இழந்தவை இவை.

ரே. வயது இருபது. என் கைக்கெட்டும் தூரத்தில்.

சேவியர். வயது முப்பத்தொன்று. என் கையால்.

வசந்தா. மார்ச்சில் போனாள். ஈரோட்டில் இருக்கிறாள். கடிதம் போட்டால் பிரிக்காமல் திரும்பி வருகிறது.

கவிதா. வயது இப்போது பன்னிரண்டு. என்னோடு போனில் பேசுவதில்லை.

சேவியரின் குழந்தைக்கு அப்பா. அவனுக்கு ஐந்து வயது. அப்பாவைக் கொன்ற துப்பாக்கி உடைந்துவிட்டது என்று அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

தோட்டா ஒன்று. டப்பாவில் மீதி ஆறு.

துப்பாக்கி இருக்கிறது. ஆர் எழுத்துக்குப் பக்கத்தில் சேவியருக்காக ஒரு எக்ஸ் கீறியிருக்கிறேன். வாங்கிக்கொள்கிறேன் என்று போன வாரம் ஒருவன் கேட்டான். கொடுக்கவில்லை.