வாசலில் விட்ட சப்பாத்து

லண்டன் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது தாண்டிய இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கோயில் வாசலிலயும் என்னால சப்பாத்தைக் கழட்டிவிட ஏலாது, அண்ணை. நான் வெளியில நிக்கிறன்.”

“அண்டைக்கு நாங்கள் களவா எல்லை தாண்டி வரேக்க, போலந்துக் காட்டுக் குடிசைக்குள்ள சாமிப்படத்தைக் கண்டிட்டு, சப்பாத்துகளை வெளியில விடச் சொன்னது நான்தானே.”

“விடியப் பாத்தா எல்லாற்ற சப்பாத்தும் கல்லா உறைஞ்சு போச்சு. கால் உள்ள போகேல்லை.”

“எங்களோட வந்து, உதவி தேடி வெறும் சொக்ஸோட போன பாலன் பனியில விறைச்சுச் செத்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.”

“விறைச்ச என்ர ரெண்டு காலையும் உங்கட வயித்தில வைச்சுச் சூடாக்கினதும் நீங்கள்தானே.”

மூத்தவர் இளையவரின் பக்கம் திரும்பினார்.

“இண்டைக்கு நீ உள்ள போய்க் கும்பிடு. நீ வருமட்டும் உன்ர சப்பாத்தை நான் கையில வைச்சிருக்கிறன்.”